டிமினிஷ்ட் ஸ்கேல் பாட்டில் ஒட்டவில்லையா? எங்கே பிசகுகிறது என்று பார்ப்போம்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று நம்ம மலையகத்தில் எந்தப் பக்கம் போனாலும் கீபோர்ட் பழகுகிற ஒரு தம்பி, கிட்டாரோடு திரிகிற ஒரு தங்கச்சி கட்டாயம் இருப்பார்கள். கலியாண வீடு, சர்ச், தோட்டத்துக் கோயில் திருவிழா மேடை என்று வாசிக்க இடமும் கிடைக்கிறது. மேஜர், மைனர் கைக்கு வந்த பிறகு யாராவது டிமினிஷ்ட் ஸ்கேலைக் காட்டிக் கொடுப்பார்கள், ஒரு முழு, ஒரு அரை, ஒரு முழு, ஒரு அரை என்று (அரை என்றால் ஒட்டிய அடுத்த சுரம், கிட்டாரில் ஒரு ஃபிரெட்; முழு என்றால் இரண்டு அரை) ஓட்டிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். பாட்டுக்குள் கொண்டுபோய் வைத்தால் ஒட்டாது. சொல்கிற முறைப்பாடு ஆளுக்கு ஆள் வேறு, ஆனால் நோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஸ்கேலைப் பாடமாக்கியிருக்கிறார்கள், அதற்குக் கீழே என்ன கோர்ட் (சேர்த்து வாசிக்கிற சுரக்கூட்டம்) நிற்கிறது, அந்த கோர்ட் எங்கே போய் இறங்கப் போகிறது என்று பார்க்கவில்லை.

அதனால் முதலில் கோர்ட்டைப் பார்த்துவிடுவோம், இது இல்லாமல் கீழே சொல்லும் எதுவும் விளங்காது.

டிமினிஷ்ட் செவன்த் கோர்ட் என்பது மூன்று மூன்று அரைச்சுரமாக ஏறுகிற 4 சுரம். ஒரு ஆக்டேவில் 12 சுரம் இருப்பதால் மொத்தம் மூன்றே மூன்று கூட்டம்தான் உண்டு. முதல் கூட்டம் சி, ஈ ஃபிளாட், எஃப் ஷார்ப், ஏ. இரண்டாவது சி ஷார்ப், ஈ, ஜி, பி ஃபிளாட். மூன்றாவது டி, எஃப், ஏ ஃபிளாட், பி. இதில் எந்த இரண்டு கூட்டத்தைச் சேர்த்தாலும் 8 சுரமுள்ள ஒரு டிமினிஷ்ட் ஸ்கேல் வந்துவிடும், மிச்சக் கூட்டம் வெளியே நிற்கும். அப்படியென்றால் ஸ்கேலும் மொத்தம் மூன்றுதான். பன்னிரண்டு கீயிலும் தனித்தனியாகப் பாடமாக்கச் சொல்லி யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

முழுச் சுரத்தில் தொடங்கினால் முழு-அரை, அரையில் தொடங்கினால் அரை-முழு. சுரங்கள் அதே கூட்டம்தான், நிற்கும் இடம்தான் வேறு. இந்த வித்தியாசத்தில்தான் முதல் கோளாறே வருகிறது.

"தனியாக ஓட்டினால் சரி, ஜி செவனுக்கு மேலே வாசித்தால் அபஸ்வரமாகக் கேட்கிறது"

எந்தச் சுரத்தில் நாறுகிறது என்று நிறுத்திக் கேளுங்கள். எஃப் ஷார்ப்பில் என்றால் நீங்கள் ஜியிலிருந்து முழு-அரையை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்: ஜி, ஏ, பி ஃபிளாட், சி, சி ஷார்ப், ஈ ஃபிளாட், ஈ, எஃப் ஷார்ப். ஜி செவனுக்கு உயிரே பியும் எஃப்பும்தான், இந்த வரிசையில் இரண்டும் இல்லை, டி கூட இல்லை. பிறகு எப்படி ஒட்டும்?

செவன்த் கோர்ட்டுக்கு மேலே அரை-முழு: ஜி, ஏ ஃபிளாட், பி ஃபிளாட், பி, சி ஷார்ப், டி, ஈ, எஃப். இப்போது ஜி, பி, டி, எஃப் நாலும் உள்ளே இருக்கின்றன, மற்ற நாலும் அதற்குக் காரம் சேர்க்கின்றன. டிமினிஷ்ட் கோர்ட்டுக்கு மேலே முழு-அரை. பி டிமினிஷ்ட் நிற்கும் இடத்தில் பியிலிருந்து முழு-அரையை எழுதிப் பாருங்கள், மேலே சொன்ன அதே 8 சுரம் வரும். இது தற்செயல் இல்லை. ஜி செவனுக்கு ஏ ஃபிளாட்டைக் கூட்டி அடியிலிருக்கும் ஜியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பி, டி, எஃப், ஏ ஃபிளாட், அதாவது பி டிமினிஷ்ட் செவன்த். இரண்டும் ஒரே வேலையைச் செய்கிற கோர்ட், இரண்டும் சிக்குத்தான் போகத் துடிக்கின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள், எனக்கு இந்த ஸ்கேலில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். அந்த 8 சுரத்தில் சி கிடையாது. வெளியே நிற்கும் கூட்டம் சி, ஈ ஃபிளாட், எஃப் ஷார்ப், ஏ. போய்ச் சேர வேண்டிய சுரத்தைத் தொடாமலே ஸ்கேல் சுற்றிச் சுற்றி வருவதால், கடைசியில் சி மேஜர் வந்து விழும்போது அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது.

"மேஜர் பாட்டில் நன்றாக இருக்கிறது, மைனர் பாட்டில் கெட்டுப்போகிறது"

அரை-முழுவை எடுத்துக்கொண்டு போய் ஏ செவன், டி மைனர் என்று இறங்கும் இடத்தில் வைத்திருப்பீர்கள். ஏயிலிருந்து அரை-முழு என்றால் ஏ, பி ஃபிளாட், சி, சி ஷார்ப், ஈ ஃபிளாட், ஈ, எஃப் ஷார்ப், ஜி. டி மைனருக்கு எஃப்தான் அடையாளம், நீங்களோ அதற்கு முன் எஃப் ஷார்ப்பைக் காட்டி காதை மேஜர் பக்கம் திருப்பிவிட்டீர்கள். அரை-முழு இயல்பாக மேஜரில் இறங்கவே விரும்புகிறது. ஜி செவன் சி மேஜருக்குப் போகும்போது ஸ்கேலில் உள்ள ஈ முன்கூட்டியே சி மேஜரின் மூன்றாவது சுரத்தைச் சொல்லிவிடுகிறது, அதனால் அங்கே பொருந்துகிறது.

மைனருக்குப் போகும் செவன்த் கோர்ட்டில் டிமினிஷ்ட் ஸ்கேலை விட்டுவிட்டு ஹார்மோனிக் மைனரை எடுங்கள். டி மைனருக்கு ஏ, பி ஃபிளாட், சி ஷார்ப், டி, ஈ, எஃப், ஜி. கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்கு இது டியை ச ஆக வைத்தால் கீரவாணி, ஏயை ச ஆக வைத்தால் வகுளாபரணம். தமிழ்க் காதுக்கு ரொம்பப் பழக்கமான வழி, யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

"சுரம் எல்லாம் சரி, ஆனால் சாதகம் பண்ணுகிற மாதிரி இருக்கிறது, பாட்டு மாதிரி இல்லை"

இதுதான் அதிகம் கேட்கிற முறைப்பாடு. சுரம் சரி, கைவேகம் சரி, கேட்டால் ஏதோ ஏணியில் ஏறி இறங்குகிற மாதிரி. இரண்டு விஷயத்தைப் பாருங்கள்.

முதலாவது தாளம். ஒரு பார் ஜி செவன், அடுத்த பார் சி மேஜர் என்று வையுங்கள், 4/4 தாளம், அடிக்கு இரண்டு சுரம். எஃப்பில் தொடங்கி இறங்குங்கள்: எஃப் ஈ, டி சி ஷார்ப், பி பி ஃபிளாட், ஏ ஃபிளாட் ஜி. அடுத்த பாரின் முதல் அடியில் ஈயில் போய் நில்லுங்கள். நாலு அடியிலும் என்ன விழுகிறது? எஃப், டி, பி, ஏ ஃபிளாட். பி டிமினிஷ்ட் செவன்த் கோர்ட் அப்படியே அடிகளில் உட்கார்ந்திருக்கிறது, மற்ற நாலும் இடையில் ஒட்டிக்கொண்டு போகின்றன. இதையே ஒரு சுரம் தள்ளி ஈயில் தொடங்கினால் அடியில் ஈ, சி ஷார்ப், பி ஃபிளாட், ஜி விழும், ஸ்கேல் மாறவே இல்லை, ஆனால் ஜி செவனின் பி, டி, எஃப் மூன்றும் இடைவெளிக்குள் ஒளிந்துகொள்ளும். மெதுவாக, வேறு யாராவது கீழே ஜி செவனைப் பிடித்திருக்க, இரண்டையும் மாறி மாறி வாசியுங்கள். வித்தியாசம் உடனே கேட்கும். எந்தச் சுரத்தை அடியில் வைக்கிறோம் என்பதிலேயே இந்த ஸ்கேலின் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

இரண்டாவது, ஸ்கேலை வரிசையாக ஓட்டுவதை நிறுத்திவிட்டு உள்ளே இருக்கும் சின்ன கோர்ட்களைத் தேடுங்கள். ஜி செவனுக்கான அந்த 8 சுரத்துக்குள் ஜி மேஜர், பி ஃபிளாட் மேஜர், சி ஷார்ப் மேஜர், ஈ மேஜர் நாலும் முழுசாக இருக்கின்றன, ஒவ்வொன்றும் மூன்று அரை தள்ளி. அதே நாலு இடத்திலிருந்து மைனர் கோர்ட்களும் உண்டு. இடது கையில் ஜியும் எஃப்பும் மட்டும் பிடித்துக்கொண்டு வலது கையில் ஈ மேஜரை வையுங்கள், பிறகு பி ஃபிளாட் மேஜர், பிறகு சி மேஜரில் இறங்குங்கள். ஒரே ஸ்கேல்தான், ஆனால் ஸ்கேல் வாசிக்கிற மாதிரியே இருக்காது. ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி 1911இல் மேடையேறிய ஒரு பாலேவில் சி மேஜரையும் எஃப் ஷார்ப் மேஜரையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தாரே, அந்த இரண்டும் சியிலிருந்து வரும் அரை-முழுவுக்குள் அடங்குகிறவைதான். அவருடைய குரு ரிம்ஸ்கி-கோர்சகோவ் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்த ஸ்கேலை விரும்பிப் பயன்படுத்தியவர். ஜாஸ்காரர்கள் கையில் வந்தது அதற்குப் பிறகு.

"கர்நாடக சங்கீதம் தெரியும், ஆனால் இது எந்த ராகத்திலும் அடங்கவில்லை"

அடங்காது. ஓ.எல். பரீட்சைக்கு கர்நாடக சங்கீதம் எடுத்த பிள்ளைகள் கட்டாயம் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள், நல்ல கேள்வி. 72 மேளகர்த்தாவில், அதாவது தாய் ராகங்களில், ஒவ்வொன்றிலும் ஏழு சுரம், காந்தாரம் ஒன்றே ஒன்று. அரை-முழுவை சுரமாக எழுதினால் ச, ரி1, க2, க3, ம2, ப, த2, நி2. இரண்டு காந்தாரம் இருக்கிறதா? க2வை மட்டும் வைத்தால் 46ஆவது மேளமான ஷட்விதமார்க்கினி, க3ஐ மட்டும் வைத்தால் 52ஆவது ராமப்ரியா. ராமப்ரியா கைக்கு வருமென்றால் அதில் சாதாரண காந்தாரத்தையும் (க2) சேர்த்துக்கொள்ளுங்கள், ஸ்கேல் முடிந்தது. முழு-அரையில் பஞ்சமமே கிடையாது, அதற்கு இப்படி வழி தேட வேண்டாம்.

சுரத்தைக் கண்டுபிடிக்க மட்டும் இந்த வழி. ராகம் மாதிரி சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு ச-வில் நின்று ஆலாபனை பண்ணினால் ஒன்றும் பிடிபடாது. தெமோதரையில் ரயில் ஒரு சுற்றுச் சுற்றி தான் கடந்துவந்த ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் போகிறதே, அந்த மாதிரி இந்த ஸ்கேலும் மூன்று அரை ஏறினால் திரும்பப் பழைய சுரங்களிலேயே வந்து நிற்கும். கிரகபேதம் செய்தால், அதாவது வேறு சுரத்தை ச ஆக வைத்தால், மூன்றாவது அரையில் புது ராகம் வராமல் இதுவே வரும். அப்படிப்பட்ட ஸ்கேலுக்கு வீடு என்று ஒரு சுரம் இல்லை, இறங்கும் கோர்ட்தான் அதற்கு வீடு.

"பாட்டில் டிமினிஷ்ட் கோர்ட் இருக்கிறது, முழு-அரைதான் வாசித்தேன், அப்படியும் ஒட்டவில்லை"

இரண்டு இடத்தைச் சோதியுங்கள்.

அது உண்மையிலேயே டிமினிஷ்ட் செவன்த்தா? சி மேஜர் பாட்டில் பி, டி, எஃப், அதற்கு மேல் ஏ வந்தால் அது ஹாஃப் டிமினிஷ்ட். பியிலிருந்து முழு-அரையில் ஏ கிடையாது, ஏ ஃபிளாட்டும் பி ஃபிளாட்டும்தான் இருக்கின்றன, இரண்டும் அந்த ஏயை இரண்டு பக்கமும் இடிக்கும். அங்கே சி மேஜர் ஸ்கேலே போதும். கோர்ட் புத்தகத்தில் வெறுமனே டிம் என்று எழுதியிருந்தால் நாலாவது சுரம் என்ன என்று காதால் கேட்டு முடிவு பண்ணுங்கள்.

கோர்ட் சரி, இருந்தும் துருத்துகிறது என்றால் பாட்டு ரொம்ப எளிமையான பாட்டாக இருக்கும். சி, சி ஷார்ப் டிமினிஷ்ட், டி மைனர் என்று போகிற ஞானப்பாட்டு எத்தனை இருக்கிறது. சி ஷார்ப்பிலிருந்து முழு-அரை கோர்ட்டுக்குப் பொருந்தும்தான், ஆனால் அதிலுள்ள ஈ ஃபிளாட்டும் எஃப் ஷார்ப்பும் அந்தப் பாட்டின் மண்ணுக்கு அந்நியம். கொயர் பின்னால் இதைப் போட்டால் சோப்ரானோ பிள்ளைகள் சுருதி தவறுவார்கள். முழு-அரையை உற்றுப் பார்த்தால் அது கோர்ட்டின் நாலு சுரமும், ஒவ்வொன்றுக்கும் அரை கீழே ஒரு சுரமும்தான். அந்தக் கீழ்ச் சுரங்களில் நிற்காதீர்கள், ஒரு தட்டுத் தட்டி உடனே கோர்ட் சுரத்துக்கு ஏறிவிடுங்கள்: சி-சி ஷார்ப், ஈ ஃபிளாட்-ஈ, எஃப் ஷார்ப்-ஜி. அலங்காரமாகக் கேட்கும், உறுத்தாது. அதுவும் வேண்டாமென்றால் டி ஹார்மோனிக் மைனர். என் அபிப்பிராயத்தில் சர்ச் பாட்டுக்கு அதுதான் நல்லது.

"தொடக்கம் சரியாக வருகிறது, மேலே போனால் தடம் மாறுகிறது"

செவன்த் கோர்ட்டுக்கு மேலே வாசிக்கிற இன்னொரு ஸ்கேலான ஆல்டர்ட் ஸ்கேலுக்குள் நுழைந்துவிட்டீர்கள். ஜியிலிருந்து இரண்டுக்கும் முதல் ஐந்து சுரம் ஒன்றேதான்: ஜி, ஏ ஃபிளாட், பி ஃபிளாட், பி, சி ஷார்ப். அப்புறம் டிமினிஷ்ட் டி, ஈ, எஃப் என்று போகும், ஆல்டர்ட் ஈ ஃபிளாட், எஃப் என்று போகும். டி இருக்கிறதா என்று பாருங்கள், அது போதும்.

"கிட்டாரில் கை எங்கே நிற்கிறது என்றே தெரியாமல் போகிறது"

கம்பிக்கு நாலு சுரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஏயிலிருந்து முழு-அரை: ஆறாம் கம்பியில் 5, 7, 8, 10ஆம் ஃபிரெட். ஐந்தாம் கம்பியில் ஒன்று தள்ளி 6, 8, 9, 11. நாலாம் கம்பியில் 7, மூன்றாம் கம்பியில் 8 என்று அதே வடிவம் ஒவ்வொரு ஃபிரெட்டாக ஏறும். இரண்டாம் கம்பியில்தான் எல்லோரும் வழுக்குவது, ஏனென்றால் அந்தக் கம்பி மட்டும் ஒரு அரை குறைவாகச் சுருதி கூட்டியிருக்கிறது, அதனால் அங்கே 9 இல்லை, 10இல் தொடங்க வேண்டும். முதல் கம்பியில் 11. ஒரே கை வடிவம், நினைவில் வைக்க வேண்டியது ஒரே ஒரு தாவல்.

ஃபிரெட் எல்லாம் சரியாகப் பிடித்தும் நாறினால் சுருதியைப் பாருங்கள். நானுஓயா, நுவரெலியா குளிரில் வெளியே எடுத்த கிட்டாரை உடனே சுருதி கூட்டி மேடையேறினால், கையும் லைட்டும் பட்டு கம்பி சூடேறச் சுருதி இறங்கிவிடும். மேஜர் கோர்ட்டில் மறைந்துபோகிற சின்னப் பிசகு டிமினிஷ்ட் கோர்ட்டில் ஸ்கேலே தவறு என்று நினைக்க வைக்கும். பனி ஈரத்தில் துருப்பிடித்த கம்பி என்றால் சுருதி கூட்டியும் பயனில்லை, மாற்றுங்கள்.

"நான் பி டிம் என்கிறேன், பேஸ் கிட்டார் தம்பி டி டிம் என்கிறான்"

கலியாண வீட்டு ஒத்திகையில் சண்டையே வரும். "அண்ணே, புத்தகத்தில டி டிம்னுதான் இருக்கு" என்பான், "டேய், பி டிம்டா, கேட்டுப் பாரு" என்பார் இவர். இரண்டு பேரும் சரி. பி, டி, எஃப், ஏ ஃபிளாட் நாலில் எதைச் சொன்னாலும் கோர்ட் அதேதான், ஸ்கேலும் அதேதான். முடிவு பண்ண வேண்டியது அடியில் எந்தச் சுரம் என்பதை மட்டும், அடுத்த கோர்ட்டின் பேஸ் சுரத்துக்கு அரை பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் நன்றாகக் கேட்கும். சிக்குப் போனால் பி, சி மேஜரின் ஈயை அடியில் வைத்தால் எஃப்.

"ஸ்கேல் ஓடும்போது எல்லாம் கலங்கிப்போகிறது"

சஸ்டெய்ன் பெடலிலிருந்து காலை எடுங்கள்.

"பாடகர் கடைசி நேரத்தில் சுருதியை மாற்றினார், நான் தொலைந்துபோனேன்"

கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறவர்களுக்குப் பிரச்சினை இல்லை, கிட்டாரும் பேஸும்தான் தவிக்கும். எத்தனை அரை மாறியது என்று எண்ணுங்கள். மூன்று, ஆறு, ஒன்பது என்றால் உங்கள் ஸ்கேல் மாறவே இல்லை. ஒன்றோ இரண்டோ மாறினால் மற்ற இரண்டு ஸ்கேலில் ஒன்று, எது என்று கண்டுபிடிக்க இறங்கும் கோர்ட்டின் ரூட் (கோர்ட்டுக்குப் பெயர் தரும் சுரம்) எந்தக் கூட்டத்தில் இருக்கிறது என்று பார்த்து அந்தக் கூட்டத்தை வெளியே தள்ளுங்கள். சி மேஜர் பாட்டை ஈ ஃபிளாட்டுக்கு ஏற்றச் சொன்னால் ஜி செவன் இடத்தில் பி ஃபிளாட் செவன் வரும், சுரங்கள் அந்தப் பழைய எட்டேதான். முன்பு எஃப்பில் தொடங்கிய இறக்கத்தை இப்போது ஏ ஃபிளாட்டில் தொடங்குங்கள்: ஏ ஃபிளாட் ஜி, எஃப் ஈ, டி சி ஷார்ப், பி பி ஃபிளாட். அடுத்த பாரின் முதல் அடியில் ஜி.